மாடல் ரயில் கேள்வி–பதில்: டீகோடர் வாங்கும் முன் என்ஜினைத் திறந்து பாருங்கள்

கேள்வி: சார், அண்ணன் பல வருடங்களுக்கு முன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த ஹெச்.ஓ. (1:87 அளவு) டீசல் என்ஜின் ஒன்று இருக்கிறது. சாதாரண டி.சி. கன்ட்ரோலரில் நன்றாக ஓடுகிறது. இப்போது டி.சி.சி.க்கு மாற்ற ஆசை. உள்ளே டீகோடர் செருகும் சாக்கெட் எதுவும் இல்லை. எந்தக் கம்பெனி டீகோடர் வாங்கலாம்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். டி.சி.சி. என்பது தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனிக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை. அந்தக் கட்டளையைப் புரிந்து மோட்டாரை ஓட்டும் சிறு சர்க்யூட்தான் டீகோடர். டி.சி.சி., ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை வைத்து அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. 1990களில் கொண்டுவந்த பொதுத் தரம். அதற்கு ஏற்பச் செய்த எந்த டீகோடரும் எந்த டி.சி.சி. கன்ட்ரோலரோடும் பேசும். நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதைத்தான். டீகோடரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்கமும் கட்டிவிட்டு, மாட்டிய அன்றே புகை வந்தால் திருப்பி அனுப்ப வழியில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, 12 வோல்ட் டி.சி. சப்ளைக்கும் என்ஜினுக்கும் நடுவில் வரிசையில் இணையுங்கள். ஓடும்போது மோட்டாரின் ஃப்ளைவீலை (தண்டில் இருக்கும் கனமான சக்கரத்தை) விரலால் அழுத்தி ஒன்றிரண்டு விநாடி நிறுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். அப்போது மீட்டர் காட்டுவதுதான் ஸ்டால் கரண்ட். 0.7 ஆம்பியர் என்றால் 1 ஆம்பியர் ஹெச்.ஓ. டீகோடர் தாராளமாகப் போதும். 1.5 தாண்டினால் 2 ஆம்பியர் தாங்குவதைத் தேடுங்கள், அல்லது கம்யூட்டேட்டரை (மோட்டாருக்குள் பிரஷ் உரசும் செம்பு வளையத்தை) சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பழைய மோட்டார்களில் அழுக்கினாலேயே கரண்ட் ஏறிப்போயிருக்கும்.

அடுத்த சோதனையை யாரும் தவறவிடக் கூடாது. சாக்கெட் இல்லாத பழைய என்ஜின்களில் மோட்டாரின் ஒரு பிரஷ் (மின்சாரத்தை உள்ளே கொடுக்கும் கார்பன் துண்டு) பெரும்பாலும் உலோகச் சட்டத்தின் வழியாகவே தண்டவாளத்தோடு சேர்ந்திருக்கும். டி.சி.யில் அதனால் தொந்தரவு இல்லை, ஆனால் டி.சி.சி.யில் அப்படியே விட்டால் டீகோடர் நொடியில் போய்விடும். மோட்டாருக்கு வரும் பழைய ஒயர்களைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, பிரஷ் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சக்கரத்தோடும் சட்டத்தோடும் தொட்டுப் பாருங்கள். எங்கே தொட்டாலும் பீப் வரக் கூடாது. வந்தால் மோட்டாரைக் கழற்றி, அடியில் சூடு தாங்கும் காப்டான் டேப் ஒட்டி, இரும்பு ஸ்க்ரூவுக்குப் பதில் நைலான் ஸ்க்ரூ போடுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம், நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகி டேப் நழுவிவிடும்.

இனி சால்டரிங். டீகோடரின் சிவப்பு ஒயர் வலது தண்டவாளத்தைத் தொடும் சக்கரங்களின் இணைப்புக்கு, கறுப்பு இடது பக்கத்துக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்கெல்லாம் பொதுவான பாசிட்டிவ். பழைய பல்பை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. போட்டால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம். நீலத்தை எல்.ஈ.டி.யின் நீளமான காலில் இணையுங்கள். ரெசிஸ்டர், மெல்லிய ஒயர், ஹீட் ஷ்ரிங்க் குழாய் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். குழாயை ஒவ்வொரு இணைப்புக்கும் போடுங்கள், டீகோடர் முழுவதையும் இறுக்கிச் சுற்றாதீர்கள், அதற்குக் காற்று வேண்டும்.

மூடியை மூடுவதற்கு முன் புரோகிராமிங் டிராக்கில் (டீகோடர் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உள்ள தனித் தண்டவாளத்தில்) வைத்து, டீகோடரின் அமைப்பு எண்களில் ஒன்றான சி.வி. 8ஐப் படியுங்கள். தயாரிப்பாளரின் எண் வரும், ஈ.எஸ்.யூ. கம்பெனி என்றால் 151. எண் வந்தால் இணைப்பு பெரும்பாலும் சரி. அந்த டிராக்கில் கரண்ட் மிகக் குறைவாகவே விடப்படுவதால், தவறு இருந்தாலும் டீகோடர் தப்பிக்க வாய்ப்பு அதிகம். அப்புறம்தான் புது டீகோடரில் வழக்கமாக இருக்கும் முகவரியான 3ல் மெயின் டிராக்கில் ஓட்டுங்கள், பிறகு உங்களுக்குப் பிடித்த எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 8 பின் சாக்கெட் உள்ள என்ஜினில் டீகோடரைச் செருகினேன். ஓடுகிறது, ஆனால் முன்னே போகச் சொன்னால் பின்னே போகிறது, விளக்கும் எரியவில்லை. டீகோடர் கெட்டுப்போய்விட்டதா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: கெடவில்லை, கவலைப்படாதீர்கள். பிளக்கைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்கள். எழுதியிருக்கும் இரண்டு அறிகுறிகளும் அதைத்தான் சொல்கின்றன. இந்தப் பிளக்கைத் திருப்பி மாட்டினாலும் ஆபத்து வராதபடி யோசித்துத்தான் பின்களை வைத்திருக்கிறார்கள்: ஆரஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் வரும், அதனால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். நீலம், கூடுதல் வசதிக்கான பச்சை ஒயரின் இடத்துக்குப் போய்விடுவதால் விளக்குகளுக்கு பாசிட்டிவ் கிடைக்காது. ஆரஞ்சு ஒயர் இருப்பதுதான் 1ஆம் பின். சாக்கெட் பலகையில் 1 என்றோ ஒரு சிறு குறியோ இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒயரைப் பிடித்து இழுக்காமல், பிளக்கின் இரு ஓரத்தையும் பிடித்து மெல்ல அசைத்து எடுத்துத் திருப்பி மாட்டுங்கள்.

கேள்வி: நம் ரயில்வேயின் WDM-2 டீசல் என்ஜின் மாடல் ஒன்றைக் கையால் செய்துகொண்டிருக்கிறேன். நிஜமான சத்தம் வேண்டும். எந்த சவுண்ட் டீகோடர்?
– வாசகர், தாம்பரம்

பதில்: கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. நிஜ வண்டியில் இருப்பது அமெரிக்காவின் அல்கோ கம்பெனி வடிவமைத்த 16 சிலிண்டர் 251 இன்ஜின். அதே 251 அமெரிக்க வண்டிகளிலும் ஓடியது, அதனால் டீகோடரின் ஒலிப் பட்டியலில் அல்கோ 251, 16 சிலிண்டர் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அந்தத் திணறலும் உறுமலும் அப்படியே வரும். 12 சிலிண்டர் ஒலி வேண்டாம், காது பழகியவர்களுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். ஹாரன் மட்டும் நம் ஊர் ஹாரனாக இருக்காது. ஈ.எஸ்.யூ.வின் லோக்சவுண்ட் மாதிரி ஒலியை மாற்றி ஏற்ற வசதியுள்ள டீகோடர் என்றால், நீங்களே பதிவு செய்ததைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் காற்றுப் புகாத சிறு பெட்டி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்க ஒலியைப் பின்பக்க ஒலி விழுங்கி, கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்கும். 11 × 15 மி.மீ. சுகர் கியூப் ஸ்பீக்கர் உங்கள் நீண்ட ஹூட்டுக்குள் எளிதாக உட்காரும். ஸ்பீக்கரின் ஓம் அளவு டீகோடர் கையேட்டில் சொன்னதோடு பொருந்த வேண்டும். இடத்தை இப்போதே ஒதுக்கிவிடுங்கள், பெயின்ட் அடித்த பிறகு குடைவது பாவம்.

கேள்வி: டீகோடர் போடாத என்ஜினை டி.சி.சி. டிராக்கில் நிறுத்தி வைக்கலாமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: வேண்டாம். டிராக்கில் திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் மோட்டாரை நின்ற இடத்திலேயே ரீங்கரிக்க வைத்துச் சூடாக்கும். கோர்லெஸ் மோட்டார் (சுருளுக்குள் இரும்பு இல்லாதது) என்றால் சீக்கிரமே கருகிவிடும்.

கேள்வி: டீகோடர் மாட்டியதிலிருந்து என்ஜின் திக்கித் திக்கிப் போகிறது, சத்தம் பாதியில் நின்று மறுபடி ஆரம்பிக்கிறது. வீடு கடற்கரை பக்கம்.
– வாசகி, திருவான்மியூர்

பதில்: டீகோடரைக் குறை சொல்லாதீர்கள். உப்புக்காற்றில் தண்டவாளமும் சக்கரமும் மங்கிவிடுகின்றன. மின்சாரம் நொடிப்பொழுது அறுந்தாலும் சவுண்ட் டீகோடர் முதலிலிருந்து தொடங்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தண்டவாளத்தையும், காது குடையும் பஞ்சுக் குச்சியால் சக்கரங்களையும் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாக ஏறும். துடைத்த பிறகும் நிற்கிறது என்றால் மின்சாரம் அறும் நொடியில் டீகோடருக்குக் கைகொடுக்கும் கீப் அலைவ் கெப்பாசிட்டர் ஒன்று சேர்க்கலாம். உங்கள் டீகோடரில் அதற்குத் தனி ஒயர் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்து, அதே கம்பெனி பரிந்துரைக்கும் கெப்பாசிட்டரையே வாங்குங்கள்.