பலவீனமான இதயத்துக்குத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எதற்கு?

கேள்வி: சார், அப்பாவுக்கு எக்கோவில் பம்பிங் 30 சதவீதம்தான். டாக்டர் கார்வெடிலால் எழுதியிருக்கிறார். ஏற்கெனவே பலவீனமான இதயம், அதையும் அடக்குவதா?

பதில்: நியாயமான பயம். கார்வெடிலால், துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. இதயம் பலவீனமாகிப் போதிய ரத்தம் தள்ளாத இதயச் செயலிழப்பில் இந்த வகை கூடவே கூடாது என்றுதான் ஒரு காலத்தில் டாக்டர்களே படித்தார்கள். இதயம் தள்ளும் ரத்தம் குறைந்ததும் மூளை, உடம்பில் எங்கோ ரத்தம் கொட்டுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. ஆபத்து நேரத்தில் உடம்பை உசுப்பும் சிம்பதெடிக் நரம்புகளை முடுக்கிவிடுகிறது. அவை சுரக்கும் நார்அட்ரினலின் என்ற ரசாயனம் பெருகுகிறது, துடிப்பு ஏறுகிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. வெட்டுக்காயம் என்றால் இதுவே உயிரைக் காப்பாற்றும். மாதக்கணக்கில் நீடித்தால் கால் வீங்கும், இதயத் தசை செல்கள் மடியும். நொண்டும் வண்டிமாட்டைத் தார்க்குச்சியால் குத்திக்கொண்டே இருப்பது போலத்தான். மாத்திரை பிடுங்குவது அந்தக் குச்சியை.

ஸ்வீடனின் கோதன்பர்க்கில் டாக்டர் வாக்ஸ்டீன் குழு 1975-ல் வெறும் 7 நோயாளிகளிடம் பீட்டா பிளாக்கரின் பலனைக் காட்டியது. நம்பியவர்கள் குறைவு. 1999-ல் வெளியான சிபிஸ்-2 ஆய்வில் 2,647 பேர். பிசோப்ரோலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கரை எடுத்தவர்களில் இறப்பு 11.8 சதவீதம், எடுக்காதவர்களில் 17.3. அப்புறம் யாரும் வாதாடவில்லை.

கேள்வி: அம்மாவுக்கு இதே மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து ஒரே அசதி. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்துவது ஆபத்து. முதல் சில வாரங்கள் அசதி இருக்கும். அதனால்தான் 3.125 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றி விழப் போனாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: நர்சிங் படிக்கிறேன் சார். அப்படியானால் சிம்பதெடிக்கை முழுசாகவே அடக்கிவிட்டால் என்ன?

பதில்: செய்து பார்த்தார்கள், அம்மா. மாக்சோனிடின் என்ற மருந்து மூளையிலேயே அதை அடக்கும். ரத்தத்தில் நார்அட்ரினலின் குறைந்தது, ஆனால் இறப்பு கூடியது. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். எதிர்ப்பக்கமாக, துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பைக் கருவி வைத்துத் தூண்டிய பெரிய ஆய்வும் 2016-ல் பலன் காட்டவில்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம், காகிதத்தில் அவ்வளவு அழகான யோசனை!

கேள்வி: மாமாவுக்கு மாற்று இதயம் வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலே நாடி 100. கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அறுவையில் வேகஸும் அறுபட்டுவிடுகிறது, பிரேக் பிடிக்க ஆளில்லை. நடக்கும்போதும் துடிப்பு மெதுவாகத்தான் ஏறும், ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர வேண்டுமே. எடுத்த எடுப்பில் வேகமாக நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.