மரவள்ளிக்குள் நீலக்கோடு: மருந்தடித்துத் தீராது

கேள்வி: ஐயா, வல்லம் பக்கம் செம்மண்ணில் அரை ஏக்கர் மரவள்ளி போட்டிருந்தேன். பொங்கல் விலைக்காக நாலு நாள் முன்பே பிடுங்கிக் கொட்டகையில் குவித்தேன். அன்றைக்கே வீட்டில் அவித்தோம், மாவாக வெந்தது. நாலாம் நாள் வியாபாரி உடைத்துப் பார்த்தால் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு. வேண்டாம் என்று போய்விட்டார். கடையில் பூஞ்சாணம் என்று சொல்லி காப்பர் மருந்தும் போரானும் கொடுத்தார்கள். அடுத்த பயிருக்கு எந்த மாதத்தில் அடிக்க வேண்டும்?

பதில்: எந்த மாதத்திலும் வேண்டாம். பாக்கெட்டைப் பிரிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிடுங்கள். பிடுங்கிய அன்று மாவாக வெந்த கிழங்கில் வயலிலிருந்து வந்த நோய் எங்கே இருக்கிறது? நீர் தேங்கி அழுகிய கிழங்கென்றால் தோண்டும்போதே கொழகொழத்து நாறியிருக்கும். கிழங்கை உடைத்துக்கூடப் பார்க்காமல் மருந்து எழுதும் கடைக்காரரிடம் பயிரைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, எப்படிப் பிடுங்குவது என்று. உருளைக்கிழங்கும் அடிபட்டால் ஓரிரு நாளில் உள்ளே கறுக்கும். ஆனால் அது முளைத்துச் செடியாக வேண்டிய கிழங்கு. காயத்தின் மேல் புதுத்தோல் கட்டிக்கொள்ளும். மரவள்ளியில் நாம் நடுவது குச்சியை. கிழங்கு வெறும் சேமிப்பு வேர்தான், செடியை விட்டுப் பிரிந்தால் அதிக நாள் தாங்காது. ஒடிந்த இடத்தில் காற்று பட்டதும் உள்ளே இருக்கும் பொருள்கள் நிறம் மாறி, நரம்பு வழியே கோடாக ஓடும். இரண்டு மூன்று நாள் போதும். நீங்கள் நாலு நாள் வைத்திருந்தீர்கள்.

இதற்கு நான் எல்லோரிடமும் விடாமல் சொல்லும் வேலை ஒன்று உண்டு: தோண்டுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே தரையிலிருந்து ஒரு அடி விட்டுச் செடியின் தண்டை வெட்டிவிடுங்கள். கிழங்கு மண்ணிலேயே இருக்கட்டும். அப்படி விட்டு எடுத்த கிழங்கில் இந்தக் கோடு விழுவது நன்றாகத் தள்ளிப்போகும். மாவுச்சத்து கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போகும் கிழங்கென்றால் யோசிக்கலாம், சமையலுக்கு விற்பவர் யோசிக்கவே வேண்டாம். கூலி கூடுதல் என்பார்கள். விதைக்குச்சிக்கு எப்படியும் வெட்டத்தானே போகிறீர்கள், அதை முன்னால் செய்யச் சொல்கிறேன். குச்சியை நிழலில் நிறுத்தி வையுங்கள்.

அப்புறம், தோண்டும் அன்று அடிக்கட்டையைப் பிடித்து உலுக்கி இழுக்கக் கூடாது. செம்மண் இறுகியிருந்தால் முந்தின நாள் லேசாகத் தண்ணீர் விட்டு, சுற்றிலும் மண்ணைத் தளர்த்தித் தூக்குங்கள். கிழங்கைக் கழுத்தில் ஒடிக்காமல் இரண்டு விரல் காம்போடு அறுங்கள். கூடையிலிருந்து கொட்டாதீர்கள், கையால் அடுக்குங்கள். ஒடிந்ததை அன்றே விற்றுவிடுங்கள். காயமில்லாததை மட்டும் நிழலில் ஈரமணல் போட்டு மூடினால் இரண்டு வாரம்கூடத் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, வியாபாரியிடம் நாள் பேசாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். பொங்கல் விலைக்கு நாலு நாள் காத்திருக்க வேண்டுமென்றால் கிழங்கு மண்ணுக்குள் காத்திருக்கட்டும்.

வெட்டிய தழையைப் பச்சையாக ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் சயனைடு நஞ்சு உண்டு, ஆடு செத்துவிடும்.