வெளியே தெரியாமல் கம்பி ஆன்டெனா அமைக்க முடியுமா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் வெளியே எதையும் கட்ட அனுமதியில்லை, 14 மெகாஹெர்ட்ஸில் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி) பேசக் கண்ணில் படாத ஆன்டெனா வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். உரிமம் பெற்ற நாளிலிருந்து நான் அப்படித்தான் பேசிவருகிறேன்.

மறைப்பது என்றாலே வீட்டுக்குள் கொண்டுபோவது என்று நினைத்துவிடாதீர்கள். நான் முதலில் அறையின் கூரையோரம் தடித்த கம்பியை ஓட்டினேன். எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பிய இரைச்சலில் தொலைதூர நிலையம் ஒன்றுகூடக் காதில் விழவில்லை. அதைக் கழற்றிவிட்டு, 0.4 மில்லிமீட்டர் எனாமல் செப்புக் கம்பியைப் பால்கனிக்கு வெளியே இழுத்த அன்று மாலையே இரைச்சல் அடங்கியது.

அவ்வளவு மெல்லிய கம்பி சக்தியை விழுங்கிவிடாதா என்ற கவலை எனக்கும் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த அதிர்வெண்ணில் அரை அலைநீளக் கம்பி சுமார் 10 மீட்டர். அதன் இழப்புத் தடை (வெப்பமாக வீணாகும் சக்தியைக் குறிப்பது) ஏறக்குறைய 4 ஓம், கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியேறும் சக்தியைக் குறிப்பது) 70 ஓமுக்குச் சற்று மேல். இழப்பு 5 விழுக்காடுதான். எதிர்முனையில் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது.

10 மீட்டர் நேராக இழுக்க இடமில்லையா? நடுவில் 6 மீட்டரை நேராக வைத்து, இரு முனைகளிலும் 2 மீட்டரைக் கீழே தொங்கவிடுங்கள். அரை அலைக் கம்பியில் மின்னோட்டம் நடுவில் உச்சம், நுனிகளில் பூஜ்யம். நீளம் நெடுகிலும் மின்னோட்டத்தைக் கூட்டிப் பார்த்தால், ஐந்தில் நான்கு பங்கு அந்த நடு 6 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. எனவே நடுப்பகுதியை மட்டும் பால்கனியின் இரும்புக் கம்பித் தடுப்பிலிருந்து எவ்வளவு விலக்க முடியுமோ அவ்வளவு விலக்குங்கள்.

கண்ணில் படுவது பெரும்பாலும் கம்பி அல்ல. வெள்ளை இன்சுலேட்டரும் நடுவிலிருந்து தொங்கும் கேபிளும்தான். இன்சுலேட்டருக்குப் பதில் தூண்டில் நரம்பு போதும். நடுவில் தொங்கும் கேபிளைத் தவிர்க்க, ரேடியோவின் சக்தியைக் கம்பியின் ஒரு முனையில் செலுத்துங்கள். அங்கே மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கான தடை) சில ஆயிரம் ஓம். 49-க்கு 1 மின்மாற்றி அதை ரேடியோவுக்கு ஏற்ற 50 ஓமுக்கு அருகே கொண்டுவந்துவிடும். மின்மாற்றி ஜன்னலுக்கு உட்புறமே இருக்கலாம். மின்மாற்றியிலிருந்து ரேடியோவுக்கு வரும் கேபிளில் ஃபெரைட் எனும் காந்தப்பொருள் வளையத்தை மாட்ட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கேபிளின் வெளியுறையும் ஆன்டெனாவாகி வீட்டின் இரைச்சலை உள்ளே இழுக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 100 வாட் கொடுத்தால் சக்தி செலுத்தும் அந்த முனையில் சுமார் 500 வோல்ட் நிற்கும், தொட்டால் சுடும். பிள்ளைகளின் கை எட்டும் இடமென்றால் 10 வாட்டுக்கு மேல் போகாதீர்கள். எஃப்டி8 (கணினி வழியாகக் குறுஞ்செய்தி பரிமாறும் டிஜிட்டல் முறை) முறைக்கு அதுவே தாராளம். மின்கம்பிகள் செல்லும் பக்கமாக எக்காரணம் கொண்டும் கம்பியை வீசாதீர்கள்.

முதலில் 10.5 மீட்டர் வெட்டி, நிற்கும் அலை விகிதத்தை (ஆன்டெனா ரேடியோவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1-ஐ நெருங்க நெருங்க நல்லது) அளந்துகொண்டே நுனியிலிருந்து சிறிது சிறிதாகக் குறையுங்கள்.