ஸ்டீல் ஸ்கைக்கு ஆக்டிவேஷன் கீயா? யாருக்கும் காசு போட்டுடாதீங்க

கேள்வி: சார், 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை'ன்னு ஒரு பழைய சயின்ஸ் ஃபிக்ஷன் கேம் ஆடணும். ஒரு குரூப்ல 350 ரூபாய்க்கு ஆக்டிவேஷன் கீ தர்றேன்னு ஒருத்தர் சொல்றார், வாங்கலாமா? ஃபோன்ல ஓடுமா?

பதில்: வாங்காதீங்க. அந்த கேமுக்கு கீன்னு ஒண்ணே கிடையாது. ரெவல்யூஷன்ங்கிற இங்கிலாந்து கம்பெனி 1994ல விட்டது, 2003லயே அவங்களே ஃப்ரீயா கொடுத்துட்டாங்க, அப்புறம் இவர் எந்த பூட்டுக்கு சாவி விக்கிறாராம்? இந்த மாதிரி ஆளுங்கள ரிப்போர்ட் பண்ணாலும் ஒண்ணும் நடக்காது, அடுத்த வாரம் வேற பேர்ல வந்து நிப்பாங்க.

நேரா ஸ்கம்விஎம் (ScummVM) சைட்டுக்கு போங்க, பழைய கேம்களை இப்போ இருக்கிற கம்ப்யூட்டர்லயும் ஃபோன்லயும் ஓட வைக்கிற ஃப்ரீ சாஃப்ட்வேர் அது. பேரைப் போட்டு தேடினா மேல வர்ற விளம்பரத்தையெல்லாம் தொடாதீங்க, பெரிய பெரிய டவுன்லோட் பட்டன் வச்சிருப்பான், ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுன்னு சொன்னா அப்பவே மூடிட்டு வந்துடுங்க. ஸ்கம்விஎம் சைட்ல கிடைக்கிறது வெறும் ஜிப் ஃபைல்தான். ரெண்டு வெர்ஷன் இருக்கும், சிடி வெர்ஷனை எடுங்க, அதுலதான் குரல் இருக்கு. ஜிப்பை பிரிச்சுட்டு அந்த ஃபோல்டரை ஸ்கம்விஎம்ல சேர்க்கணும், பிரிக்காம ஜிப்பையே காட்டிட்டு 'கேம் தெரியலையே சார்'னு கேக்குறவங்கதான் அதிகம்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். 2020ல வந்தது 'பியாண்ட் எ ஸ்டீல் ஸ்கை', அது ரெண்டாம் பாகம், 3டி, அது ஃப்ரீ இல்ல. பேர்ல ஒரு வார்த்தைதான் வித்தியாசம். அந்த குழப்பத்த வச்சுத்தான் இவங்க பொழப்பே ஓடுது, ஃப்ரீ கேமை காசு கேமோட விலைக்கு தள்ளுவாங்க, கேட்டா ஸ்டோர்ல இதான் சார் ரேட்டுன்னு ரெண்டாம் பாகத்தோட ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்புவாங்க. உங்களுக்கு வேண்டியது ரெண்டாம் பாகம்னா ஸ்டீம் மாதிரி ஸ்டோர்ல நேரா வாங்குங்க, நடுவுல ஆள் வேண்டாம்.

ஆண்ட்ராய்டு ஃபோன்ல நல்லாவே ஓடும். ஆனா இதுல லெஃப்ட் க்ளிக் பண்ணா ஹீரோ ஃபாஸ்டர் பொருளை சும்மா பார்ப்பான், ரைட் க்ளிக் பண்ணாத்தான் எடுப்பான், திறப்பான். ஆரம்பத்துலயே படியில இருக்கிற கம்பியை பிடுங்கி கதவை நெம்பணும், அதை ஒரு விரலால தட்டிக்கிட்டே இருந்தா வர்ணனைதான் கேக்கும். ரெண்டு விரலால தட்டுங்க, அதான் ரைட் க்ளிக். அப்புறம் அப்பப்ப சேவ் பண்ணிக்கோங்க, இதுல ஹீரோ செத்தும் போவான்.