காணிக்கையும் மிரட்டும் வசனங்களும்: கேள்வி பதில்

சபைகளில் வசனத்தைக் காட்டிப் பணம் கேட்பது பற்றி உங்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. பல வருடம் வேதபாட வகுப்பு எடுத்தவன், ஒரு சபையில் பொருளாளராகவும் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பக்கத்தில் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் போதகர் வாராவாரம் மல்கியா 3ஆம் அதிகாரத்தை எடுக்கிறார். தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறவன், அவன் வீட்டில் சாபம் நிற்கும் என்கிறார். மூன்று மாதமாக என்னால் கொடுக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, முதலில் பயத்தை விடுங்கள். அப்புறம் மல்கியாவை 3ஆம் அதிகாரத்தில் அல்ல, முதல் அதிகாரத்திலிருந்து வாசியுங்கள். "என் நாமத்தை அசட்டைபண்ணுகிற ஆசாரியர்களே" என்று 1:6இல் கர்த்தர் கூப்பிடுகிறார். ஊனமான ஆட்டையும் நோயான மாட்டையும் பீடத்துக்குக் கொண்டுவந்ததற்காகத் திட்டு வாங்குவது அவர்கள்தான். 2:1 இன்னும் நேரடியாக, இந்தக் கட்டளை ஆசாரியர்களுக்குரியது என்கிறது. அடுத்த வசனத்திலேயே அவர்கள்மேல் சாபம் சொல்லப்படுகிறது. 3:5இல் கர்த்தர் யாருக்கு விரோதமாகச் சாட்சியாக வருகிறார் பாருங்கள்: கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள். இவ்வளவையும் தாண்டித்தான் தேவனை வஞ்சிப்பதைப் பற்றிய 8ஆம் வசனம் வருகிறது. ஆனால் பிரசங்கம் 8இல் தொடங்கி 10இல் முடிந்துவிடுகிறது.

தசமபாகத்தைக் கொண்டுவரும்படி 10ஆம் வசனம் சொல்கிற "பண்டகசாலை" என்பதும் சபையின் வங்கிக் கணக்கு அல்ல. தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் வைக்கிற அறை. "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்று அந்த வசனமே சொல்கிறது. ஏறக்குறைய அதே காலத்து நெகேமியா 13ஐயும் சேர்த்து வாசித்தால் நிலைமை புரியும். எலியாசிப் என்ற ஆசாரியன் அந்தப் பண்டகசாலை அறையைத் தன் சம்பந்தியாளான தொபியாவுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தான். ஆலயப் பணி செய்த லேவியர் பங்கு கிடைக்காமல் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள்.

சாபத்தைப் பற்றிக் கடைசியாக ஒன்று. கலாத்தியர் 3:13, கிறிஸ்து நம்மை நியாயப்பிரமாணத்தின் (மோசே வழியாக வந்த சட்டத்தின்) சாபத்திலிருந்து மீட்டுக்கொண்டார் என்கிறது. அவர் எடுத்துப்போட்டதைத் தவணை பாக்கி என்று உங்கள் தலையில் திரும்ப வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா?

பதில்: இரண்டுக்கும் வசனம் இல்லை. லேவியராகமம் 27:30-32 சொல்வது நிலத்தின் விளைச்சலும் மந்தையில் கோலின்கீழ் கடந்துபோகும் பத்தாவது உயிரும். சம்பளக் கணக்கெல்லாம் பின்னால் வந்தது.

கூடவே உபாகமம் 14:22-29ஐ வாசியுங்கள். இந்தப் பகுதியைக் காணிக்கை வேளையில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. கொண்டுபோக முடியாத தூரமானால் அதை விற்றுப் பணமாக்கி, போன இடத்தில் உன் மனம் விரும்பியதை வாங்கி, நீயும் உன் வீட்டாரும் கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படு என்கிறது. மூன்றாம் வருஷத்தின் பங்கு லேவியன், பரதேசி (அந்நியன்), திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோர் திருப்தியாகச் சாப்பிடுவதற்கு. கொடுத்தவன் வீட்டில் அடுப்பு அணைந்துபோகும்படியான தசமபாகம் வேதத்தில் எங்கும் இல்லை.

கேள்வி: ஆனால் ஆபிரகாம் நியாயப்பிரமாணத்துக்கு முன்பே கொடுத்தாரே? அதனால் அது எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் என்கிறார்கள்.

பதில்: கொடுத்தார். யுத்தத்தில் மீட்டுவந்த பொருளில், வேதம் சொல்கிறபடி ஒரே ஒரு தடவை (ஆதியாகமம் 14:20, எபிரெயர் 7:4). மீதியைக்கூட அவர் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. நியாயப்பிரமாணத்துக்கு முந்தியது எல்லாமே நமக்குக் கட்டளை என்றால் ஆதியாகமம் 17இன் விருத்தசேதனமும் கட்டளையாக வேண்டும். அப்போஸ்தலர் 15இல் புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளுக்கு எருசலேமிலிருந்து போன கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அவசியம் என்று அதில் எழுதியவற்றில் தசமபாகம் இல்லை.

யாராவது மனதார பத்தில் ஒன்று என்று தீர்மானித்துக் கொடுத்தால் அது நல்ல பழக்கம். நானும் அப்படித்தான் கொடுக்கிறேன். அதைக் கடனாக மாற்றி வசூலிப்பதுதான் தவறு.

கேள்வி: "விதை விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள்" என்று ஒரு கூட்டத்தில் கேட்டு, என் தம்பி கடன் வாங்கிக் கொடுத்துவிட்டான். வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இனி என்ன செய்வது?

பதில்: வருத்தமாக இருக்கிறது. உங்கள் தம்பியைத் திட்டாதீர்கள். அவர் நம்பியது தேவனை, அந்த நம்பிக்கையை வைத்து விளையாடியது வேறொருவர்.

"சிறுக விதைக்கிறவன் சிறுக அறுப்பான்" என்பது 2 கொரிந்தியர் 9:6. ஆனால் பவுல் அங்கே தனக்காகக் கேட்கவில்லை. 8, 9 இரண்டு அதிகாரங்களும் எருசலேமில் வறுமையிலிருந்த விசுவாசிகளுக்காக எடுத்த தர்மப்பணத்தைப் பற்றியவை. அந்தப் பேச்சுக்கு நடுவே 8:12இல், ஒருவன் கொடுப்பது "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்கிறார். கடன் வாங்கிய பணம் இல்லாத பணம். 9:7, "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்கிறது. விதை வசனத்துக்கு அடுத்த வசனமே அதுதான். ஒரு வசனம் தாண்டி வாசித்திருந்தால் உங்கள் தம்பி தப்பித்திருப்பார்.

இனி செய்ய வேண்டியது: கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம். எழுத்தில் கேளுங்கள், பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எதுவானாலும் கடனை அடைத்து முடியும் வரை அவர் வேறு எந்த விதையும் விதைக்கக் கூடாது. "விசுவாசம் குறைந்ததால்தான் அறுவடை வரவில்லை, இன்னும் விதை" என்று அவர்கள் சொல்லக்கூடும். அந்தப் பேச்சை முன்கூட்டியே தம்பியிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: ஆலயக் கட்டடத்துக்கு நான் சொன்ன தொகை குறைவு என்று அனனியா, சப்பீராள் கதையைச் சொல்லி எச்சரித்தார்கள்.

பதில்: நிலத்தை விற்று அதில் ஒரு பங்கை ஒளித்துவைத்த அந்தத் தம்பதி செத்தது குறைத்துக் கொடுத்ததற்காக அல்ல, முழுவதையும் கொடுத்ததாகப் பொய் சொன்னதற்காக. "அதை விற்றபின்பும் அதின் கிரயம் உன் வசத்திலிருக்கவில்லையோ?" என்று பேதுருவே கேட்கிறார் (அப்போஸ்தலர் 5:4). உன் பணம் உன் பணம்தான் என்று சொல்கிற வசனத்தை உங்கள்மேல் எறிந்திருக்கிறார்கள்.

கேள்வி: அண்ணா, கணக்குக் கேட்டதற்கு "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்றார்கள்.

பதில்: சங்கீதம் 105:15 முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொன்னது. கணக்குக் கேட்பது தீங்கு அல்ல.

2 இராஜாக்கள் 12ஐ வாசியுங்கள் தம்பி, எனக்கு மிகவும் பிடித்த அதிகாரம். ஆலயத்தைப் பழுதுபார்க்க ஆசாரியர்கள் பணம் வாங்குகிறார்கள். யோவாஸ் ராஜாவின் 23ஆம் வருஷம் வரைக்கும் வேலை நடக்கவில்லை. ராஜா அவர்களைக் கூப்பிட்டு, இனி உங்கள் கையில் பணம் வாங்காதீர்கள் என்கிறார். ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்தருகே வைக்கிறார்கள். பணம் சேர்ந்ததும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணுகிறார்கள். இரண்டு பேர், ஒருவர் ஆலயத்துக்கு வெளியிலிருந்து வந்தவர். நான் பொருளாளராக இருந்தபோது இதைக் காட்டித்தான் தனியாக எண்ண மாட்டேன் என்றேன். பவுலும் அந்தத் தர்மப்பணத்தைக் கொண்டுபோகத் தன்னோடு வேறு சகோதரரையும் சேர்த்துக்கொண்டார், ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு (2 கொரிந்தியர் 8:19-21).

கேள்வி: இதெல்லாம் இந்தக் காலத்து நோயா?

பதில்: இல்லை. மீகா 3:11 கூலிக்கு உபதேசிக்கிற ஆசாரியரைக் கண்டிக்கிறது. 1517இல் ஜெர்மனியில் தெட்சல் என்ற துறவி பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்றபோது சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துகளில் 46ஆவது, தேவைக்கு மிஞ்சி இல்லாதவர்கள் வீட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொள்ள வேண்டும், சீட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்கிறது.

கேள்வி: அப்படியானால் கொடுப்பதையே நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். "வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்" என்பதும் வேதம்தான் (1 தீமோத்தேயு 5:18). உண்மையாய் உழைத்து, கேட்கக் கூச்சப்பட்டு, அரைவயிறாக இருக்கும் போதகர்களை எனக்குத் தெரியும். அவர்களைத் தேடிப்போய்க் கொடுங்கள். யாத்திராகமம் 36இல் ஜனங்கள் கொண்டுவந்தது வேலைக்குப் போதுமானதற்கு மேல் ஆனவுடன், இனி கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறச் சொன்னார். போதும் என்று சொல்லத் தெரிந்த சபையில் நிம்மதியாகக் கொடுக்கலாம்.

கேள்வி: என் அம்மா விதவை. ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றிக் கேட்டதிலிருந்து மாத்திரை வாங்கும் பணத்தையும் காணிக்கைப் பெட்டியில் போடுகிறார். தடுத்தால் நான் விசுவாசம் இல்லாதவள் என்கிறார்.

பதில்: அம்மாவோடு வாதாடாதீர்கள் மகளே. பக்கத்தில் உட்கார்ந்து மாற்கு 12ஐ 41இல் அல்ல, 38இல் தொடங்கி சத்தமாக வாசியுங்கள். வேதபாரகரை (வேதத்தைப் போதிக்கிறவர்களை) குறித்து எச்சரிக்கையாயிருங்கள், அவர்கள் "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" நீண்ட ஜெபம் பண்ணுகிறார்கள் என்று இயேசு சொல்லி முடித்ததும்தான் அந்த விதவை வருகிறாள். தன் ஜீவனத்துக்கு இருந்ததெல்லாம் போட்டுவிட்டாள் என்கிறார். அவளுடைய மனதை அவர் பெரிதாக எண்ணினார், உண்மை. ஆனால் மற்ற விதவைகளும் போய் அப்படிச் செய்யுங்கள் என்று அவர் சொல்லவில்லை. 13ஆம் அதிகாரத்தின் ஆரம்பத்தில் அந்த ஆலயமே ஒரு கல்லின்மேல் ஒரு கல்லிராமல் இடிக்கப்படும் என்கிறார்.

பிறகு 1 தீமோத்தேயு 5:3-16ஐக் காட்டுங்கள். விதவையைப் பிள்ளைகள் தாங்க வேண்டும், யாரும் இல்லாத விதவையைச் சபை தாங்க வேண்டும். பணம் போகிற திசை அம்மாவை நோக்கித்தான். அவருக்குக் கொடுக்க ஆசை இருந்தால் அதை மறுக்காதீர்கள்; மருந்துச் செலவு போக மீதியில் எவ்வளவு என்று அவரே முடிவு செய்யட்டும். வாசிக்க உட்காருமுன் இந்த மாதத்து மாத்திரையை வாங்கி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.