நிலக்கரிக்குள் அடுப்புக்கரி: வாசகர் கேள்விகள்

எங்கள் கொள்ளுத்தாத்தா தென்னாப்பிரிக்காவில், நேட்டால் பகுதியின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். அவர் வைத்திருந்த நிலக்கரித் துண்டில் பெரும்பகுதி பளபளப்பு. தொட்டால் கையில் ஒட்டாது. நடுவில் ஒரு பட்டை மட்டும் விரலைக் கறுப்பாக்குகிறது. ஏன் ஐயா?

1913 இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அந்தச் சுரங்கங்களுக்கு இருந்த பங்கு தெரிந்தவர்களுக்கு, அப்படி ஒரு துண்டு வீட்டில் இருப்பதே பெருமை. பத்திரமாக வையுங்கள்.

பளபளக்கும் பகுதி, சதுப்பில் விழுந்து எரியாமல் மட்கி இறுகிய மரம். விரலில் ஒட்டும் பட்டை பெரும்பாலும் எரிந்த மரம். நம் அடுப்புக்கரியேதான், வயது மட்டும் ஏறத்தாழ 28 கோடி ஆண்டு. இதற்கு ஃபியூசைன் என்று பெயர். 1919இல் நிலக்கரியின் வகைகளைப் பிரித்தபோது அந்தப் பெயரை நிலைக்க வைத்தவர் மேரி ஸ்டோப்ஸ். ஆமாம், பிற்பாடு குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் பெயர் பெற்ற அதே அம்மையார். முதலில் அவர் தொல்தாவர ஆய்வாளர்.

போதிய காற்றில்லாமல் மரம் சூடானால் வாயுக்கள் வெளியேறிவிடும், கார்பன் கூடு மிஞ்சும். மரத்தின் செல் அமைப்பு அந்தக் கூட்டில் அப்படியே நிற்கும். பட்டையின் உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், நார்நாராகப் பட்டுப்போல் மின்னும். ஃபியூசைன் எளிதில் நொறுங்கும்; சுரங்கத்தில் பொடித்தூசியில் இது அதிகம் சேரும். உங்கள் தாத்தா காலத்து ஆட்கள் அதைத்தான் மூச்சில் இழுத்தார்கள்.

நிலக்கரி சதுப்பில் உண்டானது என்கிறீர்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் தீ எப்படி? (டர்பன் பீனிக்ஸ் வாசகர்)

நல்ல கேள்வி, ஆய்வாளர்களும் இதில் முழுக்க ஒத்துப்போவதில்லை. சதுப்பும் வறட்சியில் காயும், மின்னல் விழும். அதோடு இந்த நிலக்கரி உண்டான பெர்மியன் காலக் காற்றில் ஆக்சிஜன் இன்றைய 21 விழுக்காட்டைவிட அதிகம் என்றே பெரும்பாலான கணக்கீடுகள் சொல்கின்றன. ஆக்சிஜன் கூடினால் ஈர விறகும் பற்றும். சுமார் 15 விழுக்காட்டுக்குக் கீழே போனால் காட்டுத்தீ பரவாது. ஆகவே பாறையில் கரி கிடக்கிறது என்றாலே அன்றைய காற்றைப் பற்றி ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

சரி, சர்ச்சை எங்கே? தென்னாப்பிரிக்க நிலக்கரியில் இனர்ட்டினைட் என்ற வகைப் பொருள் மிக அதிகம். ஃபியூசைன் அதில் ஒரு பகுதி. எல்லாமே தீயால் வந்தது என்பார் ஒரு தரப்பு. மேற்பரப்பில் காய்ந்து ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் பூஞ்சை தின்றதும் உண்டு என்பார் மறுதரப்பு. பக்கத்துப் பக்கத்துச் செல்களின் சுவர்கள் கோடே தெரியாமல் ஒன்றாகியிருந்தால் அது தீதான். அந்த மாற்றத்துக்குச் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்த அடையாளம் இல்லாத துண்டுகளையும் தீக்கணக்கில் சேர்ப்பது அவசரம் என்பது என் கருத்து.

டர்பனுக்கு வடக்கே தொங்காட் பக்கம் சிபுடு குகையில் எடுத்த கரியும் இதுவும் ஒன்றா? கார்பன் முறையில் நிலக்கரியின் வயதைச் சொல்லலாமா?

பொருள் ஒன்று, வயது வேறு. சிபுடுவில் இருப்பது மனிதர் மூட்டிய தீ. அங்கே 77,000 ஆண்டுக்கு முந்தைய கோரைப்புல் படுக்கைகூடக் கிடைத்திருக்கிறது. ரேடியோகார்பன் முறை சுமார் 50,000 ஆண்டு வரைதான் எட்டும். ஆகவே சிபுடுவின் பழைய அடுக்குகளுக்கே அது போதாது, நிலக்கரிக்குக் கேட்கவே வேண்டாம்.

பள்ளிச் சுற்றுலாவில் மலைச்சரிவுக் களிப்பாறையில் கறுப்புப் புள்ளிகள் பார்த்தோம். கரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (சாட்ஸ்வொர்த் மாணவி)

மாங்கனீசும் கறுப்பாகக் கறைபடும், ஏமாற்றும். கரி என்றால் ஓரங்கள் கூராக, சிறு கட்டைபோல் உடைந்திருக்கும். லென்ஸில் நார் அமைப்பு தெரியும். முடிவாகச் சொல்ல எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். சுவீடனில் கிடைத்த, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலப் பூக்கள் கரியானதால்தான் இதழ், மகரந்தப்பை எல்லாம் உருக்குலையாமல் இன்றுவரை இருக்கின்றன.

ஆனால் தங்கச்சி, பாறையைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டு வராதே. 1999ஆம் ஆண்டு மரபுச் சொத்துச் சட்டப்படி இந்நாட்டில் புதைபடிவங்கள் அரசுக்குச் சொந்தம்; அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். படம் எடு, இடத்தைக் குறித்துக்கொள், அருங்காட்சியகத்துக்குச் சொல்.

நாங்கள் பிராய் (கரியடுப்பில் இறைச்சி சுடுவது) போட்டு மிச்சமான கரியும் கோடி வருஷம் நிற்குமா?

தோட்டத்தில் கிடந்தால் நிற்காது, பொடியாகிவிடும். நுண்ணுயிர்கள் கரியைச் சீக்கிரம் தின்னாது என்பது உண்மை. ஆனாலும் ஆறு அடித்துப்போய்ச் சேற்றில் புதைய வேண்டும், மேலே இன்னும் மண் விழ வேண்டும். உம்கேனி ஆற்று வெள்ளத்தில் விட்டால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். கரி முதலில் மிதக்கும், ஊறிய பிறகுதான் அமிழும். அதனால் கடல்வரை போய்ப் படிவதும் உண்டு.