பக்கவாதம்: ஊசி போட்ட பிறகும் தொடை வழியாக ரத்தக் கட்டியை எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் சித்தப்பாவுக்கு 61 வயது. திடீரென்று வாய் கோணி, பேச்சு நின்று, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம் என்று சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் மூளை ரத்தக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். உடனே, தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்க வேண்டும் என்றார்கள். ‘ஊசி வேலை செய்கிறதா என்று பார்ப்போமே’ என ஒரு மணி நேரம் யோசித்துத்தான் சம்மதித்தோம். இப்போது பேச்சு வந்துவிட்டது, கை மட்டும் பலவீனமாக இருக்கிறது. நாங்கள் யோசித்தது தவறா? மறுபடியும் வருமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்த இடத்தில் தயங்காத குடும்பம் குறைவு. ஆனாலும் ஊசியின் பலனைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அல்டிபிளேஸ், டெனெக்டிபிளேஸ் போன்ற ஊசிகள் சிறு கட்டிகளை நன்றாகக் கரைக்கும். மூளைக்குள் நுழையும் பெரிய ரத்தக் குழாயை அடைத்திருக்கும் நீளமான கட்டி பெரும்பாலும் அதற்கு மசியாது. அப்படி அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் ஸ்கேனில் பெரிய குழாய் அடைப்பு தெரிந்தால், ஊசி மருந்து ஏறும்போதே நோயாளியை கேத் லேபுக்கு (குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) கொண்டுபோவதுதான் முறை.

மண்டையைத் திறப்பதில்லை. தொடை மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ரத்தக் குழாய்க்குள் ஒரு கதீட்டரை (மெல்லிய குழாய்) கழுத்து வரை ஏற்றுவார்கள். அதற்குள் நூல்போல மெலிந்த இன்னொரு கதீட்டர் கட்டியைத் தாண்டிப் போகும். அங்கே கம்பிவலை ஸ்டென்டை விரித்து, கட்டி வலைக்கண்களில் சிக்கச் சில நிமிடம் விட்டு, ரத்தத்தை உறிஞ்சியபடியே வெளியே இழுப்பார்கள். இதய ஸ்டென்ட்போல இதை உள்ளேயே விட்டுவிடுவதில்லை. முதல் இழுப்பிலேயே வந்தால் நல்லது. சிலருக்கு மூன்று, நான்கு முறை ஆகும். வயதானவர்களுக்குக் கழுத்து ரத்தக் குழாய் சுருண்டிருந்தால் கதீட்டர் ஏறுவதே சிரமம்.

ஆபத்து இல்லாமல் இல்லை. கட்டி உடைந்து வேறு கிளையை அடைக்கலாம், குழாய்ச் சுவர் கிழியலாம். ஆனால் 2015-இல் வெளியான ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நோயாளியின் நிலையை மோசமாக்கும் மூளை ரத்தக்கசிவு இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் 4 சதவீதம் அளவில்தான் இருந்தது. மூன்று மாதத்தில் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டவர்களோ 46 சதவீதம். சிகிச்சை பெறாதவர்களில் 26 சதவீதம்.

அறிகுறி தொடங்கியதிலிருந்து ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் பொதுவான வரம்பு. கட்டியை எடுப்பதற்கு வரம்பு 6 மணி நேரம். ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி மிச்சம் தெரிந்தால் 24 மணி நேரம்வரைகூடச் செய்யலாம். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தவர்களில் பலர் இப்படித்தான் பிழைக்கிறார்கள்.

மறுபடி வராமல் இருக்க, கட்டி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். எக்கோ (இதய ஸ்கேன்), கழுத்து ரத்தக் குழாய் ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருக்கிறதா என்பதை ஒரே ஒரு ஈ.சி.ஜி.யை வைத்து முடிவுசெய்ய முடியாது. உடலில் மாட்டிய சிறு கருவியால் துடிப்பைத் தொடர்ந்து பதியும் 24 மணி நேர ஹோல்டர் பதிவாவது தேவை. அந்தத் துடிப்புக் கோளாறு இருந்தால் ஆஸ்பிரின் போதாது, ரத்த உறைவைத் தடுக்கும் வேறு மாத்திரை வேண்டும். கைக்குப் பிசியோதெரபியை இப்போதே தொடங்குங்கள்.

மீண்டும் அறிகுறி தெரிந்தால் 108-ஐ அழைத்து, கேத் லேப் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். விழுங்க முடிகிறதா என்று சோதிக்கும்வரை தண்ணீர்கூட வேண்டாம். ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரினும் கூடாது.